மாதாமாதம் பிடித்த அந்த 143 ரூபாய்

கேள்வி: எனக்கு 45 வயது, பெரம்பூரில் இருக்கிறோம். மார்பகப் புற்றுநோய். எட்டு கீமோவில் மூன்று முடிந்திருக்கிறது. கணவருடைய கம்பெனி இன்சூரன்ஸ் 5 லட்சத்தில் 2.8 லட்சம் போய்விட்டது. நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக பில்லிங் வேலை பார்க்கிறேன், சம்பளம் 19,000. இரண்டு மாதமாக சம்பளமில்லாத லீவு. கூடுவாஞ்சேரி மனையை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். மகள் பி.காம். இரண்டாம் வருடம், அவள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்ட மனை அது. வீட்டுக்கே பாரமாகிவிட்டேன் என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: சகோதரி, மனையை இப்போது விற்க வேண்டாம். அவசரத்துக்கு விற்கிறார்கள் என்று தெரிந்தாலே வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். அதைவிட முக்கியம், உங்களுக்கு வர வேண்டிய பணம் இன்னும் வரவில்லை.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு, உண்டு, 19,000 என்றால் மாதம் 143 ரூபாய் பிடித்திருப்பார்கள். அங்கே மாத்திரைதான் தருவார்கள் என்று நினைத்து அந்தப் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். ஆனால் இஎஸ்ஐயில் நீண்டகால நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, புற்றுநோய் அதில் உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தாவும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களில் முதல் 91 நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், அதற்குப் பிறகு 80 சதவீதம் தருவார்கள், தேவைப்பட்டால் இரண்டு வருடம் வரைக்கும். உங்கள் கணக்குக்கு அது முதலில் மாதம் சுமார் 13,000 ரூபாய், பிறகு சுமார் 15,000 ரூபாய். மகள் ஃபீஸும் மளிகையும் அதில் ஓடிவிடும். இது யாரும் போடும் பிச்சை இல்லை, ஆறு வருடமாக உங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு உங்களுக்குள்ள உரிமை.

இதற்கு இஎஸ்ஐ மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும். உங்கள் பகுதி இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்கு பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள், முடியாவிட்டால் கணவர் முதலில் போய் விசாரித்து வரட்டும். போன இரண்டு மாதத்துக்கு என்ன செய்யலாம் என்று இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். இன்சூரன்ஸ் தீர்ந்துபோனாலும் பயப்பட வேண்டாம், சிகிச்சையையே இஎஸ்ஐ வழியாகத் தொடர முடியும். அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், அங்கே இல்லாத சிகிச்சைக்கு ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

கணவரின் கம்பெனி பாலிசி எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்று எச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். புது பாலிசி வருடம் தொடங்கினால் 5 லட்சம் திரும்ப முழுதாகக் கிடைக்கும், அந்தத் தேதி கடைசி கீமோவுக்கு முன்னால் வந்தால் பாதிக் கவலை அதோடு தீர்ந்தது. அதற்காக டாக்டர் சொன்ன தேதியை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை முடிகிறவரை அவர் வேலை மாறாமல் இருப்பது நல்லது.

பில் விஷயம் ஒன்று. என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தபோது மெடிக்கல் ஷாப் ரசீதுகளை மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். நாலு மாதம் கழித்து எடுத்தால் பாதி ரசீது வெறும் வெள்ளைத் தாள், அந்த வழவழப்புத் தாளில் எழுத்து மங்கிப்போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 11,000 ரூபாய் அப்படியே போயிற்று. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், மகளை போனில் ஒரு போட்டோவும் எடுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் மேல் பணம் தேவைப்பட்டால் பிஎஃப் முன்பணம், அப்புறம் பேங்க் நகைக்கடன். பர்சனல் லோனும் கிரெடிட் கார்டு இஎம்ஐயும் வேண்டவே வேண்டாம். மனை கடைசியில்தான்.

சரி, பாரம் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு எனக்கும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. என் அம்மாவும் இதையேதான் சொன்னார், அதுவும் எங்களிடம் இல்லை, எதிர்வீட்டு அக்காவிடம். அந்த அக்கா ஒன்றும் பெரிதாக ஆறுதல் சொல்லவில்லை, ஒவ்வொரு கீமோவுக்கும் மறுநாள் ஒரு தூக்கில் ரசம் சாதம் கொண்டுவந்து, அம்மா இரண்டு வாய் சாப்பிடுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பார்கள், அதை நம்பி ஆளுக்கொரு வேலை கொடுங்கள். நாத்தனாருக்கு ஒரு நாள் சமையல், தம்பிக்கு ஒரு கீமோ நாள் ஆஸ்பத்திரி துணை. கணவர் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டால் அவர் சம்பளமும் குறையும், அதனால் இது பணக் கணக்கும்தான். யாராவது கையில் பணம் திணித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மொய் நோட்டு மாதிரி எழுதி வையுங்கள், நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒன்று என்றால் நீங்கள் போய் நிற்கப்போகிறீர்கள்.

ராத்திரி தூக்கம் வராமல் மனசு எங்கெங்கோ போனால் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்று அரசு நடத்தும் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, நடுராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். நீங்கள் சிகிச்சை எடுக்கும் இடத்தில் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. தூக்கமில்லை என்பதை அடுத்த கீமோவில் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், அதுவும் அவர் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

கணவரிடம் இன்னும் சொல்லவில்லை இல்லையா? வாயால் சொல்ல வரவில்லை என்றால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், நாளைக்குக் காலையில் அவர் உங்கள் சம்பளச் சீட்டைத் தேடி எடுக்கட்டும்.