அந்த டியூப்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க: தோல் டாக்டர் பதில்கள்

கேள்வி: தொடை இடுக்குலயும் இடுப்பைச் சுத்தியும் வட்டம் வட்டமா அரிப்பு, எட்டு மாசமா இருக்கு டாக்டர். மெடிக்கல் ஷாப்ல குடுத்த க்ரீம் போட்டா ரெண்டே நாள்ல அடங்கிடுது, விட்டா பத்து நாள்ல முன்னைவிடப் பெருசா வருது. இப்ப வீட்டுக்காரருக்கும் வந்துடுச்சு. ரத்தம் ஏதும் கெட்டுப்போச்சா? (வாசகி, ஆத்தூர்)

பதில்: ரத்தம் நல்லாத்தாம்மா இருக்கும், அந்த டியூப்பைத்தான் எனக்கு சந்தேகமா இருக்கு. திருப்பிப் பொடி எழுத்தைப் படிங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன்னு ஏதாவது இருக்கா? இருந்தா அது ஸ்டீராய்டு. நீங்க சொல்றது படர்தாமரை, அதாவது படை மாதிரிதான் தெரியுது, அது புழுவும் இல்ல பூச்சியும் இல்ல, நம்ம தோல், முடி, நகத்துல இருக்கற கெராட்டின்ங்கற புரதத்தைத் தின்னு வளர்ற ஃபங்கஸ். உடம்பு அதோட சண்டை போடறதாலதான் தோல் செவந்து அரிக்குது, ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திடும், அரிப்பு போயிடும், நீங்க சரியாச்சுன்னு நினைப்பீங்க, ஃபங்கஸ் எதுக்க ஆளில்லாம நிம்மதியா படர்ந்துட்டு இருக்கும். மாசக்கணக்குல போட்டா தொடை இடுக்குல தோல் மெலிஞ்சு வரி வரியா விழும், அது அப்புறம் போகவே போகாது. 2018-லயே இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு க்ரீமை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு ஆர்டர் போட்டாச்சு, ஆனா கடையில "படைக்கு ஒரு க்ரீம் குடுங்க"ன்னு கேட்டா இன்னிக்கும் எடுத்து நீட்டத்தான் செய்றாங்க.

இன்னொரு விஷயம், இப்ப நம்ம நாட்டுல சுத்தற ஃபங்கஸே பழைய ஆள் இல்ல. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டீனியேன்னு 2020-ல பேர் வச்சாங்க, பேர்லயே இந்தியா இருக்கு பாருங்க (பெருமைப்பட ஒண்ணுமில்ல). ஃபங்கஸுக்கு வழக்கமா குடுக்கற டெர்பினாஃபின் மாத்திரைக்கு அது பல பேருக்கு மசியறதே இல்ல. 2023-ல அமெரிக்காவுல நியூயார்க்ல கூட கண்டுபிடிச்சாங்க. அதனால நேரா தோல் டாக்டர்கிட்ட போங்க, வட்டத்தோட ஓரத்துல லேசா சுரண்டி ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா நூல் நூலா தெரிஞ்சிடும். பெரும்பாலும் இட்ராகனசோல்ங்கற ஃபங்கஸ் கேப்சூல் எழுதுவாங்க, வாரக்கணக்குல போடணும், அரிப்பு நின்னுச்சுன்னு பாதியில விடாதீங்க. இந்த கேப்சூல் வயித்துல ஆசிட் இருந்தாத்தான் உடம்புல ஏறும், அதனால வயிறு நிறைய சாப்ட உடனே போடுங்க. நிறைய பேர் கேஸ்னு காலையில ஆசிட்டைக் குறைக்கற பேன்டப்ரசோலையும் சேத்து முழுங்கிட்டு "மாத்திரை கேக்கவே இல்ல டாக்டர்"னு வந்து நிப்பாங்க. ஹார்ட் ப்ராப்ளம் இருந்தாலோ கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டாலோ டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. சுகரும் ஒரு தடவை பாத்துடுங்க.

வீட்டுக்காரருக்கும் கூடவே வைத்தியம் பண்ணணும், இல்லன்னா நீங்க அவருக்கு குடுக்க, அவர் உங்களுக்குத் திருப்பிக் குடுக்கன்னு மொய் கணக்கு மாதிரி ஓடிட்டே இருக்கும். துண்டு தனித்தனி, உள்ளாடையை உள்பக்கம் வெளிய திருப்பி நல்ல வெயில்ல காயப்போடுங்க. அவர் அரைஞாண் கயிறு கட்டியிருந்தா முதல்ல அதைக் கழட்டச் சொல்லுங்க. குளிச்சா நனையும், வேர்த்தா நனையும், நாள் முழுக்க காயவே காயாது, இடுப்பைச் சுத்தி கயிறு போற வழியிலேயே படை போறதை நான் எத்தனையோ பேர்கிட்ட பாத்திருக்கேன். சாமிக்குக் கட்டினதுன்னா குணமானப்புறம் புதுசு கட்டிக்கலாம்.

கேள்வி: தெருவுல இருந்து எடுத்துட்டு வந்த பூனைக்குட்டிக்கு காது பக்கம் முடி கொட்டியிருக்கு, இப்ப என் பொண்ணு கையில ரெண்டு வட்டம். மாமியார் பூனையைக் கொண்டுபோய் விட்டுட்டு வான்னு ஒரே சண்டை. (வாசகி, கோவை)

பதில்: மாமியார் சொல்றதுல பாதி சரி, பூனைகிட்ட இருந்துதான் வந்திருக்கும். இதுவும் படர்தாமரைதான், மைக்ரோஸ்போரம் கேனிஸ்ங்கற ஃபங்கஸ், பேர்ல நாய் இருக்கும், ஆனா பூனைகிட்டதான் அதிகம். ஆனா இப்ப பூனையை விரட்டினாலும் கொட்டின முடி வீட்டுலதானே கிடக்கு, அதுல இருக்கற ஸ்போர் (ஃபங்கஸோட விதை மாதிரி) ஒரு வருஷத்துக்கு மேலகூட உயிரோட இருக்கும். வெட்னரி டாக்டர்கிட்ட காட்டுங்க, புற ஊதா லைட் அடிச்சா முடி ஆப்பிள் பச்சையா மின்னும், மின்னலன்னாலும் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. குணமாகற வரைக்கும் ஒரே ரூம்ல வச்சுக்கங்க, தினமும் முடியைக் கூட்டி எடுங்க, படுக்கைத் துணியைத் துவைங்க. உங்க க்ரீமை அதுக்குத் தடவாதீங்க, நக்கிடும். டீ ட்ரீ ஆயில் பூனைக்கு விஷம். பொண்ணு கையில இருக்கறதுக்கு க்ரீமே போதும், ஆனா தலையில முடி உடைஞ்சு சொட்டையா தெரிஞ்சா க்ரீம் வேலைக்காகாது, மாத்திரைதான், உடனே காட்டுங்க.

கேள்வி: கன்னுக்குட்டிக்கு கண்ணைச் சுத்தியும் கழுத்துலயும் சாம்பல் பூத்த மாதிரி பொருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பழைய எஞ்சின் ஆயில் தடவச் சொல்றார். (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: ஆயிலை வண்டிக்கே விட்ருங்கய்யா, தோல் வெந்துடும், நக்கினா குடல் ஈரல் எல்லாம் கெடும். நீங்க சொல்றதைப் பாத்தா படர்தாமரை மாதிரிதான் இருக்கு, சொறியான்னு கால்நடை டாக்டர் பாத்து சொல்லிடுவார். படர்தாமரைன்னா ரெண்டு மூணு மாசத்துல பெரும்பாலும் தானாவே ஆறிடும், ஆனா அதுக்குள்ள கொட்டகையில மத்ததுக்கும் பரவிடும். தனியா வெயில் படற இடத்துல கட்டுங்க, அதோட கயித்தையும் தேய்க்கற ப்ரஷ்ஷையும் வேற மாட்டுக்குப் போடாதீங்க, உதிர்ற பொருக்கை எரிச்சிடுங்க. க்ளவுஸ் போட்டுக்கங்க, மாட்டுகிட்ட இருந்து மனுஷனுக்கு வந்தா சும்மா வட்டமா நிக்காது, வீங்கி சீழ் வைக்கும்.

கேள்வி: முதுகுல தேமல், பக்கத்துல படுத்தா ஒட்டுமா? (வாசகர், மதுரை)

பதில்: ஒட்டாது. தேமலை உண்டாக்கற ஈஸ்ட்ங்கற ஃபங்கஸ் எல்லார் தோல்லயும் இருக்கறதுதான். மருந்து போட்டப்புறமும் கலர் திரும்ப சில மாசம் ஆகும்.

கேள்வி: எங்க பாட்டி படைக்கு சீமை அகத்தி இலையை எலுமிச்சம் சாறு விட்டு அரைச்சுப் போடுவாங்க, நானும் போடலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: பாட்டி சும்மா சொல்லல, அந்த இலையில ஃபங்கஸை அடக்கற சத்து நிஜமாவே இருக்கு. கையில காசு அளவு இருக்கற வட்டத்துக்கு ஒரு வாரம் போட்டுப் பாத்தா குடி முழுகிடாது. ஏற்கனவே ஸ்டீராய்டு தடவித் தடவி மெலிஞ்ச இடுக்குல மட்டும் எலுமிச்சம் சாறோட வச்சிடாதீங்க, போன மாசம் ஒருத்தர் வச்சுட்டு காலை அகட்டிக்கிட்டே ஆட்டோல இருந்து எறங்கி வந்தார், க்ளினிக்ல ஒரு மணி நேரம் உக்காரவே இல்ல.