அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி குளத்துக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் சென்னைல பி.காம் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ஒன்பதாவது வரைக்கும் ஸ்கூல் டீம்ல நீந்திட்டு இருந்தேன், டிஸ்ட்ரிக்ட் மீட்ல 100 ஃப்ரீஸ்டைல்ல மெடல் வாங்கிருக்கேன், அப்ப என் டைம் 1:14. பத்தாவது பப்ளிக், அப்புறம் நீட் கோச்சிங்னு மொத்தமா விட்டுப்போச்சு. இப்ப காலேஜ்ல டீம் செலக்‌ஷன்னு நோட்டீஸ் போட்டிருக்காங்க. போன வாரம் எங்க ஏரியா குளத்துல இறங்கிப் பாத்தேன், 50 மீட்டர்லயே மூச்சு வாங்கி செவுத்தைப் புடிச்சுட்டு நின்னுட்டேன். டீம்ல இருக்கறவங்க எல்லாம் விடாம நீந்திட்டு வர்றவங்க. இந்த வருஷம் தனியா பிராக்டிஸ் பண்ணி பழைய டைமுக்கு வந்துட்டு, அடுத்த வருஷம் போய் கேக்கலாமா?
பெயர் வேண்டாம், சென்னை

பதில்: வேணாம் மா, இப்பவே போ. நாளைக்கே பி.டி. சாரையோ கோச்சையோ பாத்து, ஒன்பதாவதுல விட்டேன், இப்ப 50 தான் வருது, டீம்ல சேரணும்னு ஆசையா இருக்குன்னு உள்ளதை உள்ளபடி சொல்லிடு. செலக்‌ஷன்ல எடுக்கலேன்னாலும் பிராக்டிஸுக்கு மட்டும் வரட்டுமான்னு கேளு. நிறைய கோச்சுங்க சரின்னு தான் சொல்வாங்க, ஏன்னா சின்ன வயசுல முறையா கத்துக்கிட்ட பொண்ணு காலேஜ்ல கிடைக்கிறது அவ்ளோ சுலபமில்ல. பத்தாவது பன்னெண்டாவதுல ட்யூஷனுக்காக குளத்தை விட்ட பொண்ணுங்க எத்தனை பேருன்னு ஒவ்வொரு ஸ்கூல்லயும் கேட்டுப்பாரு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு, அதனால தான் நீ திரும்பி வரணும்னு இவ்ளோ அடிச்சு சொல்றேன்.

தனியா பண்ணி தேறிட்டு வரேன்னு சொல்றவங்க முக்கால்வாசி பேர் வர்றதே இல்ல. அது சோம்பேறித்தனம் இல்ல, பப்ளிக் பேட்ச் ஒரு மணி நேரத்துல நீ லேன்ல போனா குறுக்க ரெண்டு பேர் மிதந்துட்டு இருப்பாங்க, கடிகாரம் பாத்து நீந்த முடியாது, ஒரே ஸ்பீட்ல போயி வந்து களைச்சு வீட்டுக்கு வர்றது தான் நடக்கும். டீம் பிராக்டிஸ்ல 50 மீட்டர் எட்டு தடவை, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணரை நிமிஷம்னு கணக்கு குடுப்பாங்க, சீக்கிரம் முடிச்சா மிச்ச நேரம் ரெஸ்ட். 50 தாண்டாத மூச்சை 400 வரைக்கும் இழுத்துட்டுப் போறது இந்த முறை தான்.

மூச்சைப் பத்தி பயப்படாத. பயிற்சிய நிறுத்தினா சில வாரத்துலயே ரத்தத்தோட அளவு குறையும், இதயம் ஒரு துடிப்புல தள்ற ரத்தமும் குறையும், ஆனா மறுபடி ஆரம்பிச்சா இது தான் முதல்ல திரும்பி வரும், ஒழுங்கா போனா ஒண்ணு ஒண்ணரை மாசத்துல உனக்கே வித்தியாசம் தெரியும். நான் பயப்படறது உன் தோள்பட்டைக்கு. தசைநார் பலமாக மாசக்கணக்குல ஆகும், மூச்சு அதுக்கு முன்னாடியே வந்துடறதால ஆஹா பழையபடி ஆயிட்டேன்னு தூரத்தைக் கூட்டிடுவாங்க, அங்க தான் மாட்டிக்கறது. 25 மீட்டருக்கு 18, 20 ஸ்ட்ரோக்னு வச்சா 2000 மீட்டருக்கு ஒவ்வொரு கையும் 700, 800 தடவை சுத்துது பாத்துக்கோ. அதனால முதல் மாசம் வாரத்துக்கு மூணு நாள் போதும், கைல பேடில்ஸ் (உள்ளங்கைல மாட்டிக்கிற பிளாஸ்டிக் தட்டு) மாட்டவே மாட்டாத, கட்டைவிரல் முதல்ல தண்ணிக்குள்ள போற மாதிரி கைய வைக்காம விரல் நுனி எல்லாம் ஒண்ணா போகட்டும், தலைக்கு நேர் முன்னாடி வைக்காம தோளுக்கு நேரா வை. பின்னல் போட கைய தூக்கறப்போ தோள் முன்பக்கம் சுருக்குன்னு வலிச்சா அன்னைக்கு கிக் போர்டோட கால் மட்டும் அடி, கோச்கிட்ட சொல்லு, மறைக்காத.

இப்ப அந்த 1:14. ஸ்கூல் குளம் 25 மீட்டரா இருந்துருக்கும்னு நினைக்கிறேன். அதுல 100 மீட்டருக்கு மூணு டர்ன், ஒவ்வொரு டர்ன்லயும் செவுத்தை உதைச்சு வேகம் எடுக்கலாம். 1995 தெற்காசிய விளையாட்டுக்காக கட்டின வேளச்சேரி குளம் மாதிரி 50 மீட்டர்ல ஒரே டர்ன் தான், அதே ஆள் நீந்தினாலே டைம் ரெண்டு மூணு செகண்ட் கூடும். அதுவுமில்லாம 14 வயசுல இருந்த கை நீளம், எடை, இடுப்பு எதுவும் இப்ப இல்ல, அந்த உடம்புக்குப் பழகின ஸ்ட்ரோக் இதுக்குப் பொருந்தாது. முதல் நாள் பிராக்டிஸ்ல வர்ற டைமை எழுதி வச்சுட்டு அதோட மட்டும் ஒப்பிட்டுப் பாரு.

ஆன்டனி எர்வின்னு அமெரிக்க நீச்சல் வீரர், 2000 சிட்னி ஒலிம்பிக்ல 50 ஃப்ரீஸ்டைல்ல 21.98ல தங்கம், இன்னொருத்தரோட பகிர்ந்துக்கிட்டார். 22 வயசுல மொத்தமா விட்டுட்டு எங்கெங்கயோ போயி, நியூயார்க்ல குழந்தைங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடுத்துட்டு இருந்தவர் திரும்பி வந்து 2016 ரியோல 35 வயசுல அதே 50 மீட்டர்ல 21.40ல தங்கம் வாங்கினார். அவர் உலக அளவு ஆளு தான், ஆனாலும் இடைவெளி விட்டவங்க டைம் மோசமாகத்தான் செய்யும்னு யாராவது சொன்னா இந்த ரெண்டு நம்பரையும் காட்டு.

இன்னொரு விஷயம், 50 ஃப்ரீ 100 ஃப்ரீக்கு தான் எல்லாரும் பேர் குடுப்பாங்க. 200 பட்டர்ஃப்ளை, 400 ஐஎம் (நாலு ஸ்ட்ரோக்கும் ஒருத்தரே நீந்துற மெட்லி), 800 ஃப்ரீ இதுக்கெல்லாம் இன்டர் காலேஜ் மீட்ல ஆள் தேடுவாங்க, ரிலேக்கு நாலு பேர் கண்டிப்பா வேணும். உனக்கு பேக் ஸ்ட்ரோக் வரும்னா அதை கோச்கிட்ட மறக்காம சொல்லு. லேன்ல முதல் வாரம் கடைசி ஆளா போ, முன்னாடி போறவங்களுக்கு அஞ்சு செகண்ட் விட்டு கிளம்பு, பின்னாடி யாராவது காலைத் தொட்டா அடுத்த செவுத்துல ஓரமா நின்னு வழிவிடு. அது அவமானம் இல்ல, எல்லா லேன்லயும் அப்படித்தான்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன், மூச்சை வளர்க்கறேன்னு தனியா தண்ணிக்கு அடியில மூச்சடக்கி நீந்தாத, அதுக்கு முன்னாடி வேகவேகமா மூச்சு இழுத்து விடவும் செய்யாத. மூச்சு முட்டுற உணர்வே வராம மயக்கம் போட்டுடும், நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களே இதுல உயிர விட்டுருக்காங்க.

கேள்வி: என் பையன் படிக்கிற இன்ஜினியரிங் காலேஜ்ல குளமே இல்ல. டீம்னு சொல்லி பேர் குடுக்கலாமா?
ஒரு அப்பா, மதுரை

பதில்: தாராளமா குடுக்கலாம் சார். நிறைய காலேஜ்ல நிலைமை அது தான், பசங்க அரசு குளத்துலயோ தனியார் குளத்துலயோ மாசக் கட்டணம் கட்டி பிராக்டிஸ் பண்ணுவாங்க, என்ட்ரி மட்டும் காலேஜ் பேர்ல பி.டி. சார் அனுப்புவார். மீட்டுக்கு முன்னாடியே போய் பாக்கச் சொல்லுங்க, பிரின்சிபல் கையெழுத்து, மார்க்‌ஷீட் காப்பின்னு ஃபார்முக்கு நேரம் ஆகும். மீட் நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்த மாதிரி கணக்கு) கிடைக்குமான்னும் அப்பவே கேட்டுக்கட்டும், இன்டர்னல் எக்ஸாம் வந்து இடிக்கும்.

கேள்வி: டீம்ல சேந்துட்டேன் அக்கா. பீரியட்ஸ் வந்தா என்ன பண்றது? ஸ்விம் சூட் போடவும் கூச்சமா இருக்கு.
கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: தண்ணிக்குள்ள நாப்கின் வேலைக்கே ஆகாது, ஊறிடும். மென்ஸ்ட்ருவல் கப் இல்லேன்னா டாம்பான் தான், ரெண்டும் குளத்துல இறங்கறதுக்கு முன்னாடி வீட்ல போட்டுப் பழகிக்கோ. வயித்துவலி அதிகமா இருக்கற நாள்ல லீவு எடுத்துக்கோ, லேடி கோச் இல்லேன்னா கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். சூட்டைப் பொறுத்தவரை முட்டி வரைக்கும் வர்றதுக்கு போட்டியிலயே அனுமதி உண்டு, பிராக்டிஸுக்கு அதையே வாங்கிக்கோ, உடம்போட ஒட்டி இருக்கணும், லூசா இருந்தா தண்ணி புகுந்து இழுக்கும்.