உயரமும் குளிரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். மேட்டுப்பாளையத்தில் வேர்த்துக் கொட்டியது. ஊட்டியில் இறங்கியதும் ஸ்வெட்டரைத் தேட வேண்டியதாயிற்று. ஏழாவது படிக்கும் என் மகள், "மலை மேல போனா சூரியனுக்குக் கிட்டத்தானே போறோம்? சூடான காற்று மேலதான் போகும்னு டீச்சர் சொன்னாங்க. அப்போ ஊட்டிதானே சூடா இருக்கணும்?" என்றாள். இணையத்தில் தேடினேன். 'மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் குளிர்' என்று இருந்தது. "அழுத்தம் குறைஞ்சா ஏன் குளிரணும்?" என்று அடுத்த கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

மகளின் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. இணையத்தில் நீங்கள் கண்ட பதில் பாதிதான். அந்தப் பாதியில் அவர் சரியாகக் கையை வைத்துவிட்டார்.

சூரியனை முதலில் முடித்துவிடலாம். அது 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஊட்டியின் இரண்டேகால் கிலோமீட்டர் அதில் ஒன்றுமே இல்லை. ஜனவரி தொடக்கத்தில் பூமி, ஜூலையில் இருப்பதைவிட 50 லட்சம் கிலோமீட்டர் சூரியனுக்குக் கிட்டே இருக்கிறது. ஊட்டியில் உறைபனி விழுவதும் அந்த ஜனவரியில்தான்.

வெயில் காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. பெரும்பகுதி காற்றைத் தாண்டி வந்து தரையில் விழுகிறது. தரை காய்கிறது, தரையைத் தொடும் காற்று காய்கிறது. அதாவது, நம் காற்றுக்கு அடுப்பு கீழே இருக்கிறது. சூடான காற்று மேலே போகும் என்று டீச்சர் சொன்னதும் சரிதான். ஆனால் போகும் வழியில் அதற்கு ஒன்று நடக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை ஊட்டி போகும் வரை பிரிக்காமல் வைத்திருந்தால் பார்த்திருப்பீர்கள். குன்னூர் வருவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். உள்ளே இருக்கும் காற்று அதேதான், வெளியிலிருந்து அமுக்கும் காற்றுதான் குறைந்துவிட்டது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. மேலேறும் காற்றும் இப்படித்தான் உப்புகிறது. உப்ப வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். தள்ளுவது ஒரு வேலை. அந்த வேலைக்கான சக்தியை வெளியிலிருந்து யாரும் கொடுப்பதில்லை. தன் சொந்தச் சூட்டைத்தான் அது செலவழிக்கிறது. சைக்கிள் டியூப் வால்வை அழுத்தி விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீறி வரும் காற்று சில்லென்று இருக்கும்.

ஆகவே, குளிருக்குக் காரணம் அழுத்தம் குறைவாக இருப்பது அல்ல, குறையும்போது காற்று விரிவது. அழுத்தம் குறைந்தாலே குளிர் என்றால், ஓசோன் இருக்கும் அடுக்கில் மேலே போகப் போகக் குளிர் கூட வேண்டும். அங்கே வெப்பம் கூடுகிறது, ஏனென்றால் ஓசோன் புற ஊதாக் கதிரை நேரடியாக வாங்கிக்கொள்கிறது. அங்கே அடுப்பு மேலே இருக்கிறது.

கணக்கும் சொல்கிறேன். ஈரம் திரளாத காற்று 1 கிலோமீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட 10 டிகிரி குளிரும். மேகம் கட்டத் தொடங்கிவிட்டால், ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் கொஞ்சம் ஈடுகட்டும். குளிர்வது 5, 6 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். எல்லாம் கலந்த சராசரி 6.5 டிகிரி. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். பெருக்கினால் 12 டிகிரிக்கு மேல் வருகிறது. கீழே 35 என்றால் மேலே 23. உங்கள் ஸ்வெட்டருக்கு இந்தக் கணக்கு போதும்.

ஊட்டியிலும் தரை இருக்கிறதே, அது காய்வதில்லையா என்று அவர் அடுத்து கேட்கக்கூடும். காய்கிறது. நண்பகலில் அங்கே வெயிலில் நின்றால் சுள்ளென்று குத்தும், இரண்டடி தள்ளி மர நிழலுக்குப் போனால் நடுக்கும். தரை சூடாக்கிய காற்றை அங்கேயே தங்கவிடாமல், மலையைச் சுற்றியுள்ள குளிர்ந்த காற்று வீசிக் கலைத்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகப் பிடித்தது. ஒரு ஜனவரி விடியலில் ஊட்டிக்கு வெளியே ஒரு சரிவில் தங்கியிருந்தேன். கீழே பள்ளத்துப் புல்வெளி உப்பு தூவியது போல் வெளுத்துக் கிடந்தது. நான் நின்ற மேட்டில் வெறும் ஈரம்தான். மேலேதானே அதிகம் குளிர வேண்டும்? காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையைத் தொடும் காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. இறங்கும் காற்று 100 மீட்டருக்கு 1 டிகிரி சூடாக வேண்டும்தான். ஆனால் குளிர்ந்த தரையை ஒட்டியே வருவதால் அதைவிட அதிகமாக இழந்துகொண்டே வருகிறது.

அடுத்த முறை ஜனவரியில் கூட்டிப் போங்கள். விடிவதற்குள் எழுப்பி, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடத்திக் கூட்டி வாருங்கள். எந்த இடத்தில் புல் வெளுக்கத் தொடங்குகிறது என்று அவரே கண்டுபிடிக்கட்டும்.

அன்புடன்