தீவில் தென்னந்தோப்பு வாங்கி எண்ணெய் ஆலை: என் கருத்து

கையில் இருக்கும் பணத்தில் பாதிக்குத் தோப்பும் மீதிக்கு எண்ணெய் ஆலையும் வாங்கலாமா, படகு வாரம் ஒருமுறைதான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் தோப்பை இப்போதைக்கு விடுங்கள். நெட்டை ரகத்தைப் புதிதாக நட்டால் காய்க்கவே ஆறேழு வருடம் ஆகும். அதோடு பல தீவுகளில் நிலம் குலத்துக்குச் சொந்தம், விற்கவே முடியாது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசியல் சட்டமே நிலம் பாரம்பரிய உடைமையாளர்களுக்கு என்கிறது, வெளியாளுக்குக் குத்தகைதான். உங்கள் தீவில் என்ன நிலை என்று ஒரு வக்கீலிடம் பாருங்கள்.

ஆலையும் உடனே வேண்டாம். முதலில் உலர்த்தும் கூடம் போடுங்கள். புதுத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஈரப்பதம் 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எடை பாதியாகக் குறையும், படகுக் கூலியும் அதே அளவு குறையும். நன்றாகக் காய்ந்த கொப்பரை வாரக்கணக்கில் காத்திருக்கும். அரைகுறையாகக் காய்ந்ததில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு வரும், வாங்குபவர் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவார். புகை படாமல், சூடான காற்றில் உலர்த்துங்கள். நிறம் வெள்ளையாக இருந்தால் நல்ல விலை கேட்கலாம். ஈரப்பதமானி ஒன்று கட்டாயம். கையால் ஒடித்துப் பார்க்கும் ஆட்களை நம்பி நான் ஒருமுறை நன்றாகவே சூடு பட்டேன்!

காயை அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் எடை போட்டு, அன்றே காசு கொடுத்து வாங்குங்கள். கடன் சொன்னால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

அப்புறம் ஆலை. கொப்பரையில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் இருப்பது உண்மைதான், ஆனால் ஆலையை ஓட்டும் செலவையும் பார்க்க வேண்டும். உங்கள் தீவில் மின்சாரம் டீசலில் இருந்துதான் வருகிறதா? அதைச் சொல்லுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.