விலகி நிற்பதும் ஒரு முடிவுதான்: ஐ.நா.வில் இந்தியா போட்ட வாக்குகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: உலகத்தில் எங்கேயோ அநியாயம் நடக்கிறது, ஐ.நா.வில் வாக்கெடுப்பு வருகிறது, இந்தியா விலகி நிற்கிறது. இது சரியா? கல்லூரியில் பன்னாட்டு அரசியல் நடத்திய காலம் முழுக்க என்னைத் தொந்தரவு செய்த கேள்வியும் இதுதான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: சார், வாக்களிக்காமல் விலகி நின்றால் என்ன அர்த்தம்? இரண்டு பக்கமும் இல்லை என்பதா?

எந்த அவை என்பதைப் பொறுத்தது அம்மா. பொதுச்சபையில் முக்கியமான தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆனால் விலகியவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 'ஆம்', 'இல்லை' இரண்டையும் மட்டும்தான் எண்ணுவார்கள். அதனால் அங்கே விலகினால் தீர்மானத்துக்குப் பெரிய தடை ஏதும் வராது. பாதுகாப்பு சபையில் கதை வேறு. 15 உறுப்பினர்களில் 9 பேர் 'ஆம்' சொல்லியே ஆக வேண்டும். அங்கே விலகினால் அந்த ஒன்பதில் ஒரு வாக்கு குறைகிறது.

வாக்குப் போட்ட பிறகு, ஏன் அப்படிப் போட்டோம் என்று ஒவ்வொரு நாடும் ஒரு விளக்கம் வாசிக்கலாம். இந்தியாவின் விளக்கங்களைத் தேடிப் படித்துப் பாருங்கள். அரசு உண்மையில் என்ன நினைக்கிறது, எதைச் சொல்லத் தயங்குகிறது என்பது பல சமயம் அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஐ.டி. ஊழியர், சென்னை: உக்ரைன் விஷயத்தில் இந்தியாவுக்கு வேறு என்ன வழி இருந்தது? ஆயுதம் ரஷ்யாவிடம் இருந்து வருகிறது, எல்லையில் சீனா நிற்கிறது.

நீங்கள் சொல்லும் இரண்டு காரணமும் உண்மை. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: போர் தொடங்கியபோது நம் பிள்ளைகள் இருபதாயிரம் பேர் போல அங்கே மாட்டிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள். அவர்களை மீட்க இரண்டு தரப்பிடமும் பேச வேண்டியிருந்தது. அதனால் 2022 மார்ச் 2 அன்று பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தபோது இந்தியா விலகி நின்றதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு வருத்தம். போருக்கு முன்பு நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு மிகச் சொற்பம். பிறகு அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மலிவாகக் கிடைத்தது, வாங்கினோம். ஏழை மக்கள் நிறைந்த நாடு, மலிவு எண்ணெய் தேவை என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த லாபத்தில் எவ்வளவு பெட்ரோல் பங்கில் நிற்கும் சாதாரண மனிதருக்கு வந்தது, எவ்வளவு சுத்திகரிப்பு நிறுவனங்களிடம் நின்றது என்று யாராவது நாடாளுமன்றத்தில் முழுநாள் விவாதம் கேட்டு நடத்தினார்களா? தேசநலன் என்று சொன்னால், எந்த மக்களின் நலன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. உக்ரைனின் புச்சா நகரில் பொதுமக்கள் கொல்லப்பட்டதை இந்தியா பாதுகாப்பு சபையில் கண்டித்து, சுதந்திரமான விசாரணைக்கு ஆதரவு தெரிவித்தது. 2022 செப்டம்பரில் சமர்கந்தில் பிரதமர் புதினிடம், இது போருக்கான காலம் அல்ல என்று நேராகச் சொன்னார். வாய்திறக்க முடியும் என்பதற்கு இவையே சாட்சி. ஆக்கிரமித்தது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டோம்.

வங்கி ஊழியர், மதுரை: நேரு காலத்தில் கொள்கை இருந்தது, இப்போது வியாபாரம்தான் இருக்கிறது என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறீர்களா?

இல்லை. நேரு மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் 1956ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தை இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் தாக்கின. இந்தியா உடனே கொதித்து எழுந்தது. அதே நாட்களில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்து ஹங்கேரி மக்களின் எழுச்சியை நசுக்கின. அதற்கு நம் குரல் கம்மிப்போனது. நவம்பர் 4 அன்று கண்டனத் தீர்மானத்தில் விலகி நின்றோம். அடுத்த சில நாட்களில், ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடக்க வேண்டும் என்று வந்த தீர்மானத்தை, ஐ.நா.வில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த கிருஷ்ண மேனன் எதிர்த்தே வாக்களித்தார். கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளில் அதை எதிர்த்தது இந்தியா மட்டும்தான்.

உள்நாட்டில் இதைச் சும்மா விடவில்லை. ஜெயப்பிரகாஷ் நாராயண் கடுமையாகக் கண்டித்தார். நேருவின் பேச்சும் பிறகு மாறியது. திரைமறைவில் இந்தியத் தூதர்கள் உயிர்களைக் காக்கவும் முயன்றார்கள். தூக்குத் தண்டனை அபாயத்தில் இருந்த அர்பாத் கோன்ஸ் என்ற எழுத்தாளர் தப்பியதில் இந்தியத் தலையீட்டுக்குப் பங்கு உண்டு. 1990இல் அவரே ஹங்கேரியின் குடியரசுத் தலைவர் ஆனார். திரைமறைவில் செய்த நல்ல காரியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அடிபட்டுக் கிடந்த மக்களுக்கு அன்று தெரிந்தது நாம் வெளியே போட்ட வாக்கு மட்டும்தான்.

1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. பாதுகாப்பு சபையில் உறுப்பினராக இருந்தோம், விலகி நின்றோம். இந்திரா காந்தியின் அமைச்சரவையில் இருந்த அசோக் மேத்தா அதைப் பொறுக்க முடியாமல் பதவி விலகினார். ஐ.நா. வாக்கு ஒன்றுக்காக ஓர் அமைச்சர் பதவியை விட்டுப் போனார் என்பதை இன்றைய மாணவர்களிடம் சொன்னால் நம்பவே மாட்டார்கள். 1980இல் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தது பற்றிய வாக்கு: மறுபடியும் விலகல். காங்கிரஸ், பா.ஜ.க. என்ற வேறுபாடே இதில் இல்லை. பழக்கம் ஒன்றுதான், காலந்தோறும் வேறு காரணம் கிடைக்கிறது.

ஆசிரியர், யாழ்ப்பாணம்: ஐயா, எங்கள் விஷயத்தில் இந்தியா போட்ட வாக்குகளை வரிசையாகச் சொல்ல முடியுமா? ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்து ஏமாறுகிறோம்.

சொல்கிறேன். எல்லாம் ஜெனிவாவில், மனித உரிமைப் பேரவையில் நடந்தவை.

2009 மே 27, போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இலங்கை அரசே தன்னைப் பாராட்டிக்கொண்டு வந்த தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2012இலும் 2013இலும் அமெரிக்கா கொண்டுவந்த, இலங்கையைப் பொறுப்புக் கேட்கும் தீர்மானங்களுக்கு ஆதரவு. 2014இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் விசாரணை நடத்த வேண்டும் என்று வந்ததும் விலகல். 2021இல் விலகல். 2022 அக்டோபரில் 20 ஆதரவு, 7 எதிர்ப்பு, 20 விலகல் என்று தீர்மானம் நிறைவேறியது. விலகிய இருபதில் இந்தியாவும் ஒன்று.

இந்த வரிசையை எப்படிப் புரிந்துகொள்வது? 2012, 2013 வாக்குகளுக்குத் தமிழ்நாட்டின் அழுத்தம் ஒரு முக்கியக் காரணம். 2013 மார்ச்சில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து வெளியேறியது. அழுத்தம் தளர்ந்ததும் வாக்கும் தளர்ந்தது. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் சீனா காலூன்றியிருக்கும்போது கொழும்பைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பது டெல்லியின் கணக்கு. எதிர்ப்பைத் தவிர்த்ததால் கொழும்பு நம் பக்கம் சாய்ந்துவிட்டதா? துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. இந்தியா ஒவ்வொரு விளக்கத்திலும் வலியுறுத்தும், இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படியான மாகாண சபைகளோ, வடக்கில் 2018 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்து தேர்தல் இல்லாமல் கிடந்தன. மௌனத்துக்குக் கிடைத்த விலை இவ்வளவுதான் என்றால், அந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டாமா?

அப்புறம், நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் அமைதிப்படையாக வந்த இந்தியப் படையினரின் சூட்டில் இறந்தார்கள். இருதரப்புச் சண்டைக்கு நடுவே சிக்கி இறந்தார்கள் என்றது ராணுவத் தரப்பு; உயிர் தப்பியவர்கள் சொன்னது வேறு. அந்தப் படை இலங்கையில் இருந்த மூன்று ஆண்டுகளில் இந்தியப் படைவீரர்கள் ஏறத்தாழ 1,200 பேரும் உயிரிழந்தார்கள். இரண்டு பக்க மரணங்களுக்கும் எந்த முடிவுகள் காரணம் என்று வெளிப்படையான விசாரணை எதையும் இந்தியா நடத்தவில்லை. நம் பெயரில் போன படை அது. உங்கள் ஊரில் செத்தவர்களுக்கு நாங்கள் பதில் சொல்லக் கடன்பட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பொறியியல் மாணவர், கோவை: 1971இல் வங்காளதேசத்துக்காக இந்தியா தலையிட்டதே, அது பொறுப்பான செயல் இல்லையா?

பொறுப்பான செயல்தான். ஒரு கோடி அகதிகள் வந்து சேர்ந்த பிறகும் உலகம் பாகிஸ்தானின் இறையாண்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. 1971 டிசம்பர் 7 அன்று பொதுச்சபையில் 104 நாடுகள் நமக்கு எதிராகப் போர்நிறுத்தம் கேட்டு வாக்களித்தன. நம்மோடு சேர்த்து எதிர்த்தவை 11. இந்தியாவுக்கும் அதில் ஆதாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உள்நாட்டு விவகாரம் என்று சொல்லி ஒரு மக்கள்கூட்டத்தின் அழிவை வேடிக்கை பார்க்க முடியாது என்ற வாதத்தை அன்று உலக அரங்கில் வைத்தது நாம்தான். அந்த வாதத்தை இன்று மற்றவர்கள் வைக்கும்போது நாம் இறையாண்மை பேசுகிறோம்.

இல்லத்தரசி, சேலம்: காசா போர் பற்றிய தீர்மானங்களில் இந்தியா எப்படி வாக்களித்தது?

2023 அக்டோபர் 27இல் விலகல், டிசம்பர் 12இல் போர்நிறுத்தத்துக்கு ஆதரவு, 2025 ஜூனில் மறுபடி விலகல். அக்டோபர் 7 தாக்குதலில் ஹமாஸின் பெயர் தீர்மானத்தில் இல்லை என்பது முதல் விலகலுக்குச் சொன்ன காரணம், அதில் நியாயம் உண்டு. 2025 விலகலுக்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை. குழந்தைகள் பட்டினி கிடந்த நேரம் அது. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை 1974இலேயே ஏற்றுக்கொண்ட முதல் அரபு அல்லாத நாடு இந்தியா.

வணிகர், தூத்துக்குடி: ஈராக்கை அழித்த அமெரிக்கா நமக்குப் பாடம் எடுக்கிறது. அவர்களுக்கு என்ன தகுதி?

எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் கேட்பது அவர்கள் அல்ல, நான். வரி கட்டி, வாக்குப் போட்டு இந்த அரசை உட்கார வைத்தவர்களில் ஒருவன் என்ற முறையில் கேட்கிறேன். அமெரிக்காவை அமெரிக்கர்கள் கேட்கட்டும்.

ஆராய்ச்சி மாணவி, புதுச்சேரி: தன் வெளியுறவுத் தவறுகளைத் தானே ஆராய்ந்த நாடு ஏதாவது உண்டா?

உண்டு, முழுமையாக என்று சொல்லமாட்டேன். நெதர்லாந்தைப் பாருங்கள். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் டச்சு அமைதிப்படை காவல் இருந்த இடத்திலேயே எட்டாயிரம் முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏழு ஆண்டு கழித்து, அரசே பணித்த ஆய்வறிக்கை வெளியானது. ஒரு வாரத்துக்குள் பிரதமர் விம் கோக்கின் அமைச்சரவை மொத்தமாகப் பதவி விலகியது. 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட 350 ஆண்களின் சாவுக்கு அரசுக்கு 10 விழுக்காடு பொறுப்பு உண்டு என்றது. பத்து விழுக்காடு என்பது அந்தத் தாய்மார்களுக்கு வேதனையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஓர் அரசு தன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது. பிரிட்டன் ஈராக் போர் பற்றி சில்காட் விசாரணை வைத்து, 2016இல் 12 தொகுதிகளாக வெளியிட்டது.

நம் நிலைமை? 1962 போரில் ஏன் தோற்றோம் என்று ராணுவத்துக்குள்ளேயே ஆராய்ந்து எழுதிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963இல் முடிந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அதை அரசு வெளியிடவில்லை. சில பகுதிகள் கசிந்து 2014இல் இணையத்தில் வந்ததோடு சரி. தோல்வியையே திறந்து பார்க்காத நாடு, தன் மௌனங்களை எப்படித் திறக்கும்?

தனியார் பள்ளி ஆசிரியை, வேலூர்: நம் வீட்டுக் கஷ்டமே தீரவில்லை, உலகப் பொறுப்பெல்லாம் நமக்கு எதற்கு?

1946ஐ நினைத்துப் பாருங்கள். நமக்குச் சுதந்திரமே வரவில்லை. வங்கப் பஞ்சம் முடிந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த நிலையில் தென்னாப்பிரிக்காவின் இனப்பாகுபாட்டை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது இந்தியா. விஜயலட்சுமி பண்டிட் வாதாடி, 32க்கு 15 என்று தீர்மானம் நிறைவேறியது. அந்நாட்டோடு வணிகத்தை முதலில் முறித்துக்கொண்டதும் நாம்தான், நஷ்டம் நமக்கு என்று தெரிந்தே. அங்கே அவதிப்பட்ட இந்திய வம்சாவளியினரில் பலர் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள்.

இன்றும் இந்த மனசு சாதாரண மக்களிடம் இருக்கிறது. 2021இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சின் மக்கள் எல்லை தாண்டி மிசோரத்துக்கு ஓடிவந்தார்கள். உள்ளே விடாதீர்கள் என்று மத்திய உள்துறை எழுதியது. முடியாது, அவர்கள் எங்கள் உறவுகள் என்று முதலமைச்சர் சோரம்தாங்கா பிரதமருக்குப் பதில் எழுதினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தச் சின்ன மாநிலத்துத் தேவாலயங்களும் கிராமங்களும் சோறு போட்டன. நாமோ 1951 அகதிகள் உடன்படிக்கையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

முதல் முறை வாக்காளர், நாகர்கோவில்: அண்ணா, இதில் நான் என்ன செய்ய முடியும்?

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. அமெரிக்காவில் ஓர் ஒப்பந்தத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும். இந்தியாவில் அரசு கையெழுத்துப் போட்டால் போதும், நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. ஐ.நா. வாக்குகளுக்கும் அப்படித்தான். அதனால் எம்.பி.க்களுக்கு இதில் வேலை இல்லை என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கேள்வி நேரம் இருக்கிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அது மக்களவை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கும்.

உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பொதுவாக எழுதாதீர்கள். ஒரு தேதி, ஒரு தீர்மானம், இந்தியா போட்ட வாக்கு, அதற்குச் சொன்ன காரணம், அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி. ஜெனிவாவில் 2022 அக்டோபர் 6 அன்று போட்ட வாக்கிலிருந்து தொடங்கலாம். வரைவு எழுதி அனுப்பினால் நான் திருத்தித் தருகிறேன்.