சிஓபிடி உள்ளவர் சோற்றை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). சிகரெட்டை விட்டு பத்து வருடமாகிறது. சர்க்கரை இல்லை. சோறு சாப்பிட்டால் கார்பன் டை ஆக்சைடு கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, மூன்று மாதமாக முட்டை, பனீர், கறி மட்டும்தான். 58 கிலோ இருந்தவர் இப்போது 52. உயரம் 165 செ.மீ. சாப்பிட்டதும் மூச்சு வாங்குவது குறையவே இல்லை. முடியாதபோது மெடிக்கலில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பால், வாழைப்பழம் சளி கட்டுமா? மறுபடி சோறு கொடுத்தால் வென்டிலேட்டர் வரை போய்விடுமா?

பதில்: போகாது. இன்று மதியமே சோறு போடுங்கள்.

வீடியோ சொன்னது பாதி உண்மை. மாவுச்சத்து எரியும்போது ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டாகும், கொழுப்புக்கு 0.7 பங்கு. இந்தக் கணக்கு நிஜமாகவே தொல்லை கொடுத்தது ஐசியூவில், தேவைக்கு மிஞ்சி குளுக்கோஸ் ஏற்றப்பட்டவர்களுக்கு. வீட்டில் ஒரு கிண்ணம் சோறு தின்கிறவருக்கு அந்த நிலை வராது.

சாப்பிட்டதும் மூச்சு வாங்குவதற்குக் காரணம் வேறு. சிஓபிடியில் காற்று உள்ளே சிக்கி நுரையீரல் உப்பியிருக்கும்; நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கிற உதரவிதானம் ஏற்கெனவே தட்டையாகக் கிடக்கும். வயிறு முட்டினால் அது கீழே இறங்க இடமேது? கொழுப்பு மிகுந்த சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க இன்னும் நேரமாகும். பனீருக்கு மாறியும் குறையாதது அதனால்தான்.

பால், வாழைப்பழம் தாராளமாகக் கொடுங்கள். பால் தொண்டையில் பிசுபிசுப்பாகத் தெரியும், நெஞ்சில் சளியைக் கூட்டாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய எடைதான் எனக்குக் கவலை. மூன்று மாதத்தில் பத்து சதவீதத்துக்கும் மேல் போயிருக்கிறது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு) 21.3லிருந்து 19.1. சிஓபிடியின் தீவிரத்தைக் கணக்கிடும் போட் அளவுகோலில், பிஎம்ஐ 21ஓ அதற்குக் கீழோ இருந்தாலே ஒரு புள்ளி பாதகமாகக் கூடும். மூச்சை இழுக்கிற உதரவிதானமும் தசைதான். உடம்பு இளைக்கும்போது அதுவும் இளைக்கும். தசை இளைத்திருக்கிறதா என்று தெரிய, அப்பா நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா, பாருங்கள்.

அந்த ஆறு கிலோவையும் டயட் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. புகைபிடித்தவர் எடை இழந்தால் காசநோயும் புற்றுநோயும் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். இந்த வாரமே நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.

மெடிக்கல் மாத்திரை வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், முதலில் தொடையை. ஆனால் தொடர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அப்பா டெரிபிலினும் (தியோபிலின் கலந்த மூச்சு மாத்திரை) போடுகிறார் என்றால் சாப்பாடு மாறுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாவுச்சத்து குறைந்து புரதம் கூடினால் தியோபிலின் உடம்பிலிருந்து வேகமாக வெளியேறும். சோறு திரும்பினால் தங்கும். அப்போது படபடப்பு, குமட்டல் வரலாம்.

சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரியுங்கள், வேளைக்குக் கொஞ்சம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும், தண்ணீர் இடைவேளையில். சோற்றில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் வயிறு நிறையாமல் 45 கலோரி சேரும். புரதம் நாளைக்கு 62 முதல் 78 கிராம் வேண்டும்: முட்டை ஒன்றில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, நூறு கிராம் மீனில் சுமார் 20, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. பருப்பும் சோறும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். டப்பா பவுடர் எதுவும் தேவையில்லை.

ஞாயிறுதோறும் காலையில், வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பாருங்கள். சோறு திரும்பி நாலு வாரமாகியும் முள் ஏறவில்லை என்றால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சிடி ஸ்கேன் வேண்டுமா என்று நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள்.