கருங்கரடி எப்போது படுக்கப் போகும்? கேள்வி பதில்

வட அமெரிக்கக் கருங்கரடியின் குளிர்கால உறக்கம் பற்றி நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தேன்கனிக்கோட்டை ஆசிரியை: மார்கழியில் இங்கேயும் குளிர் நடுக்குகிறதே சார், நம்மூர்க் கரடியும் தூங்கப் போகுமா?

போகாது டீச்சர். காவிரி வடக்கு சரணாலயத்தில் இருப்பது தேன்கரடி. அதற்குக் கறையானும் எறும்பும் வருஷம் முழுக்கக் கிடைக்கும். நாவல், இலந்தை, கொன்றைக்காய் என்று பருவத்துக்கு ஒன்றும் இருக்கும். கரடியைப் படுக்க வைப்பதில் குளிரைவிடத் தீனிப் பஞ்சத்துக்கே பங்கு அதிகம். கருங்கரடியின் காட்டில் பனி மூடிவிட்டால் பழமும் இல்லை, கொட்டையும் இல்லை. அதனால்தான் அது படுக்கிறது.

ஓசூர் கல்லூரி மாணவர்: எந்த மாதம் என்று கணக்கு உண்டா, அண்ணா?

தேதிக் கணக்கு இல்லை தம்பி, வயிற்றுக் கணக்குதான். இலையுதிர் காலத்தில் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்று கொழுப்பு ஏற்றும். ஓக் கொட்டை நன்றாக விளைந்த வருஷம் தாமதமாகப் படுக்கும், பொய்த்த வருஷம் சீக்கிரமே போய்விடும். பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் நடக்கும். சினைக் கரடிதான் முதலில் நுழையும், ஆண் கடைசியில். அலாஸ்காவில் ஏழு மாதம் வரை உள்ளேயே கிடக்கும். புளோரிடாவில் பல ஆண் கரடிகள் பேருக்குத்தான் படுக்கும்.

அரூர் விவசாயி: குகை கிடைத்தால்தான் படுக்குமா?

இல்லை. இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாறை இடுக்கு, விழுந்த மரத்தின் வேரடி, சரிவில் தானே தோண்டிய குழி, சுள்ளிக் குவியல், எதுவானாலும் சரி. சில கரடிகள் வெட்டவெளியில் இலையைக் கூட்டி மெத்தை போட்டும் படுக்கும். வயதான பெரிய மரத்தின் பொந்து கிடைத்தால் விசேஷம். தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஏறிப்போய்ப் படுத்துக்கொள்ளும். வெள்ளம் ஏறும் சதுப்புக் காட்டில் குட்டிகள் முழுகிப் போகாமல் காப்பது அந்தப் பொந்துதான். கிழட்டு மரம்தானே என்று வெட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அளவிலும் கணக்கு உண்டு. சுருண்டு படுக்க மட்டும் இடம், நுழையத் திணறும் வாசல். பெரிய அறையாக இருந்தால் உடம்புச் சூடு வீணாகும். வாசலைப் பனி மூடினால் கம்பளி போர்த்தியது போல. உள்ளே இலை, புல், மரப்பட்டை பரப்பிக்கொள்ளும். அடுத்த வருஷம் பெரும்பாலும் வேறு இடம்தான்.

பாலக்கோடு செவிலியர்: அத்தனை மாதம் சிறுநீர் போகாமல் சிறுநீரகம் என்ன ஆகும்?

கழிவாகச் சேரும் யூரியாவை உடம்பே திரும்பப் புரதமாக்கிக்கொள்கிறது. அதனால் தசையும் அவ்வளவாகக் கரைவதில்லை. இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே இறங்கும், உடல் வெப்பமோ சில டிகிரிதான் குறையும். ஆகவே தொட்டால் விழித்துவிடும்.

காரிமங்கலம் அம்மா ஒருவர்: தூக்கத்திலேயே குட்டி போடுமாமே?

ஆமாம்மா. ஜூன், ஜூலையில் இணை சேர்ந்தாலும் கரு நவம்பர் வரை கருப்பையில் ஒட்டாமல் காத்திருக்கும். தாயிடம் கொழுப்பு போதவில்லை என்றால் ஒட்டாமலே போய்விடும். ஜனவரி வாக்கில் கால் கிலோ சுமாரில் இரண்டு, மூன்று குட்டிகள் பிறக்கும்.

அஞ்செட்டிக்காரர்: தை, மாசியில் புளி உலுக்கக் காட்டோரம் போகிறோம். பாறை இடுக்கில் கரடி இருந்தால்?

கவனமாக இருங்கள். நம்ம தேன்கரடி குளிருக்குத் தூங்காதே தவிர, குட்டி போடப் பாறைக் குகைக்குள் போகும். அதுவும் பெரும்பாலும் இதே குளிர்மாதங்களில்தான். குட்டிகள் இரண்டு மூன்று மாதம் உள்ளேயே இருக்கும், அப்புறம் தாயின் முதுகில் ஏறி வெளியே வரும். குட்டிக்காரியைப் போல ஆபத்தானது காட்டில் குறைவு. இடுக்குக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், பிள்ளைகளை விட்டுக் கல்லெறியவும் விடாதீர்கள். தனியாகப் போக வேண்டாம். நாலு பேராகப் பேசிக்கொண்டே போங்கள், சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் தானாக ஒதுங்கிவிடும். விடியலுக்கு முன்னும் இருட்டிய பிறகும் அந்தப் பக்கமே வேண்டாம்.